தம்பியின் துவக்கும் எனது விஞ்ஞானமும்



துவக்கைக் கையால் தொட்டும் பார்க்காத வாத்தியார் துவக்கைப் பற்றி எழுத வந்துவிட்டார் என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

என் கடைசித் தம்பியை ஊரில் பலருக்கும் தெரியும். ஓ.எல். விஞ்ஞானத்தில் இரண்டு தடவை வழுக்கியவன். அந்த இரண்டு தடவையும் அவனுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன் நான்தான் என்பதும் தெரியும். பள்ளி வாசலில் வைத்தே அதைச் சொல்லிக் காட்டியவர்கள் உண்டு. இப்போது அவன் இங்கிலாந்தில் ஒரு முட்டைக் கோழிப் பண்ணையில் வேலை செய்கிறான்.

கோழி இருக்கும் இடத்தில் தீனி இருக்கும், தீனி இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி தின்பது ஒரு நட்டம், அது பரப்பும் நோய் அதைவிடப் பெரிய நட்டம். வயலில் இறங்குகிற நமக்கு எலிக்காய்ச்சலைப் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் பண்ணைக்காரர் நஞ்சு வைக்க விரும்பாதவர். அவருடைய பழைய கொட்டிலொன்றில் கூகைகள் குடியிருக்கின்றன. நஞ்சு தின்ற எலியைக் கூகை பிடித்துத் தின்றால் கூகைக்கும் அந்த நஞ்சு ஏறும். ஆகவே இரவில் எயார் ரைபிளால் எலி சுடும் வேலையைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறார், மாதச் சம்பளத்துக்கு மேலே ஒரு தொகையோடு. (யாரும் பதற வேண்டாம். இங்கிலாந்தில் 12 அடி இறாத்தல், அதாவது சுமார் 16 யூல் சக்திக்கு உட்பட்ட எயார் ரைபிளுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஸ்கொட்லாந்தில் தேவை. நம் நாட்டுச் சட்டம் வேறு. இதை வாசித்துவிட்டு ஊரில் யாரும் துவக்குத் தேடிப் போகாதீர்கள்.)

தம்பி வாங்கியது பழைய ஸ்பிரிங் துவக்கு ஒன்று. குழலை மடக்கி ஈயச் சன்னம் போடுகிற ரகம். அதன் மேலே புதிதாக ஒரு டிஜிட்டல் ஸ்கோப். உள்ளே ஒரு கெமரா, கண் வைக்கும் இடத்தில் சின்னத் திரை. இருட்டில் நம் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரை ஒரு டோர்ச் அடிக்கும், கெமரா அதைக் காணும். தரம் 10 பிள்ளைகளுக்கு ரீவி ரிமோட்டின் நுனியைப் போன் கெமராவில் காட்டுவேனே, அதே சங்கதிதான்.

சென்ற மார்கழியில் ஒரு நாள் சுபஹுத் தொழுதுவிட்டு வரும்போது வட்ஸ்அப்பில் கோல் வந்தது. அங்கே இரவு பதினொன்றரை. குரல் சரியில்லை.

"நானா, நான் அத வதச்சிட்டன். தலைக்குக் குறி வச்சேன், கால்ல பட்டுட்டு. கத்திக் கத்திச் சுவருக்குள்ள பூந்திட்டு. இனி எனக்கு இந்த வேல வாணாம்."

அறுக்கிறதென்றால் கத்தியைத் தீட்டிக்கொள், பிராணியை நோகடிக்காதே என்று மக்தபில் படித்துத்தானே நாம் எல்லோரும் வளர்ந்தோம். எலியென்றாலும் உயிர்தான். அது முதல் தடவையுமில்லையாம். பத்துக்கு ஆறு இப்படித்தான் போகிறதாம். பண்ணைக்காரரும் ஒரு எலியை அரைகுறை உயிரோடு கண்டுவிட்டு, இனியும் இப்படி நடந்தால் வெளியாளை எடுப்பேன் என்று சொல்லிவிட்டாராம்.

நான் என்ன செய்தேன்? விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னேன். "ஸ்கோப் பழுது. திருப்பி அனுப்பு." அவனும் நம்பி அனுப்பினான். இரண்டு கிழமை கழித்து, பழுது ஒன்றுமில்லை என்ற கடிதத்தோடு அது திரும்பி வந்தது. தபால் செலவு அவனுக்கு. அடுத்து, குளிரால்தான் இப்படி என்று இன்னொரு கதை சொன்னேன். அதுவும் இல்லை. மூன்றாவதாக, கண்ணைச் சரியாக வைக்கிறாயா என்று கேட்டேன். அதற்கு மட்டும் பிறகு நானே உட்கார்ந்து யோசித்து வெட்கப்பட்டேன். சாதாரணக் கண்ணாடி ஸ்கோப்பில் கண் விலகினால் குறியும் விலகலாம். டிஜிட்டலில் குறியும் படமும் ஒரே திரையில் ஒட்டியிருக்கின்றன. கண்ணை எங்கே வைத்தாலும் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகாது. விஞ்ஞான வாத்தியார் யோசிக்காமல் பேசினால் இப்படித்தான்.

அதன் பிறகுதான் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதை வீட்டிலும் செய்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

முதலில், எதையும் திருகாமல் பகல் வெளிச்சத்தில் 25 மீற்றரில் மட்டையொன்றில் 5 சன்னம் சுடச் சொன்னேன். படம் வந்தது. ஐந்து துளையும் 8 செ.மீ. அகலத்தில் சிதறிக் கிடந்தன. குறி எப்படி வைத்தாய் என்று கேட்டால், ஸ்கோப்பில் ஒரு வசதி இருக்கிறதாம். ஒரு தடவை சுட்டு, திரையிலுள்ள குறியை அந்தத் துளைக்கு நகர்த்திவிட்டால் சரியாம். ஒரே வெடியில் வேலை முடிந்தது. விளம்பரத்தில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 8 செ.மீ.க்குச் சிதறுகிற துவக்கில் அந்த ஒரு துளை எந்த மூலையில் விழுந்ததென்று யாருக்குத் தெரியும்? ஒரு பிள்ளையின் ஒரு தவணைப் புள்ளியை வைத்து அவனை எடை போடுவது மாதிரி. (இந்த இடத்தில் தம்பி சிரித்தான். ஏனென்று எனக்கு விளங்கியது.)

குறியில் விழாதது ஒரு பிரச்சினை, ஓரிடத்தில் கூடி விழாதது வேறு பிரச்சினை. கூடி விழ வைக்காமல் குறியைத் திருகிப் பயனில்லை.

ஸ்கோப்பைக் கழற்றிவிட்டுத் துவக்கிலேயே உள்ள இரும்புக் குறியை வைத்துச் சுடச் சொன்னேன். சிதறல் 4 செ.மீ. ஆனது. அப்படியென்றால் குழலும் சன்னமும் ஓரளவு நல்லவைதான். குழப்பம் ஸ்கோப்பில், அல்லது ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில். ஸ்கோப் நல்லதென்று கடிதம் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

மீண்டும் பூட்டி, கிளாம்ப் முடிகிற இடத்தில் துவக்கின் மேலே பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னேன். பத்து வெடி கழித்துப் பார்த்தால் கிளாம்ப் கோட்டைவிட்டு ஒரு மில்லிமீற்றர் பின்னால் போயிருந்தது. ஸ்பிரிங் துவக்கின் உதை ஒரு விசித்திரமான உதை. பிஸ்டன் முன்னால் பாயும்போது துவக்கு பின்னால் தள்ளும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் இழுக்கும். டிஜிட்டல் ஸ்கோப்போ பெட்டரியும் சேர்ந்து கனமான சாமான். துவக்கு இரண்டு பக்கமும் உதறும்போது அது தன் பாட்டுக்கு நிற்கப் பார்க்கும். கிளாம்ப் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். வழுக்காமல் தடுப்பதற்கென்றே கிளாம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஊசி இருக்கிறது. துவக்கின் மேலுள்ள துளைக்குள் அது இறங்க வேண்டும். தம்பி பூட்டியபோது துளையும் ஊசியும் சேரவேயில்லை. எண்ணெய்ப் பசையைத் துடைத்து, ஊசியை இறக்கி, ஆணிகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான்.

இன்னொன்றையும் அவனே சொன்னான். துவக்கைத் தீனிப் பெட்டியின் இரும்பு விளிம்பில் வைத்துச் சுடுகிறானாம். ஸ்பிரிங் துவக்கைக் கடினமான எதிலும் வைக்கக் கூடாது, துள்ளிவிடும். உள்ளங்கையை விரித்து அதன் மேல் சும்மா கிடத்தி வைத்துச் சுட்டான். சிதறல் இரண்டரை செ.மீ.க்கு இறங்கியது. ஐந்து துளையின் நடுவை எடுத்துக் குறியை அங்கே நகர்த்தினான். அல்ஹம்துலில்லாஹ், பிரச்சினை முடிந்தது என்று நான் உம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

அன்றிரவு இரண்டு எலி தப்பியது. இரண்டும் தாடைக்குக் கீழே சன்னம் போய்.

"பகல்ல ஐஞ்சும் ஒரு குத்திக்குள்ள நானா. ராவைக்கு மட்டும் கீழ போகுது. ராவைக்கு என்ன மாறுது?"

என்னிடம் பதிலில்லை. மூன்று தடவை பிழையாகச் சொன்ன வாய், இந்த முறை மூடிக்கொண்டது. தெரியாது, பார்த்துச் சொல் என்றேன். வாத்தியார் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல், இந்த வசனத்தை அவனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஒரு கிழமை அவனிடமிருந்து சத்தமில்லை. வேலையை விட்டுவிட்டானோ என்று உம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் வந்தது. 6 மீற்றரிலிருந்து 25 மீற்றர் வரைக்கும் இடைவெளி விட்டு மட்டைகளைக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து சுட்டு, சன்னம் எவ்வளவு கீழே அல்லது மேலே போனதென்று அளந்து, கொப்பித் தாளில் வரைபு கீறியிருந்தான். அச்சுகளுக்குப் பெயர் எழுதி, அலகும் போட்டு. 6 மீற்றரில் 3 செ.மீ. கீழே. 8இல் 2க்குக் கொஞ்சம் கூட. 10இல் ஒன்றரை. 13க்குப் பிறகு 25 வரைக்கும் கிட்டத்தட்ட குறியிலேயே.

பகலில் பயிற்சி 25 மீற்றரில். இரவில் எலி வருவது 6, 8 மீற்றரில், தீனிச் சாக்குகளின் மேலே. ஸ்கோப் குழலுக்கு 7 செ.மீ. மேலே இருக்கிறது. சன்னம் பார்வைக்குக் கீழே புறப்பட்டு, ஏறி வந்து, பிறகுதான் பார்வையோடு சேர்கிறது. இரண்டு பாதை போய் ஒரு சந்தியில் சேர்வது போல. சந்திக்கு இந்தப் பக்கம் நிற்கிற எலிக்கு வெடி கீழேதான் போகும். எலியின் தலையில் பட வேண்டிய இடமோ ஒரு ரூபாய்க் குத்தியளவு. 3 செ.மீ. தவறினால் அதற்கு வேதனை, இவனுக்குப் பாவம்.

"பகல்ல வெறுங் கண்ணால பாத்தா தூரம் விளங்கும் நானா. அந்தத் திரைல எல்லாம் தட்டையா ஈக்கி. ஆறா இருவதா எண்டு தெரியாது."

இதை நான் யோசிக்கவேயில்லை. இருட்டுக்குள் ஒற்றைத் திரையில், பெருப்பித்த படத்தில், கிட்ட நிற்கும் எலியும் தூர நிற்கும் எலியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவன் செய்தது இதுதான். கொட்டில் தரையில் இரண்டு மீற்றருக்கு ஒரு வெள்ளைப் பெயின்ற் கோடு. துவக்கின் கட்டையில் ஒட்டிய சின்னத் தாளில், எந்தக் கோட்டுக்கு எவ்வளவு மேலே பிடிப்பதென்று தமிழில் எழுதிய பட்டியல். கையெழுத்து மட்டும் அன்றைக்கு இருந்தது போலவே கோணல்.

அந்த வரைபைப் பெரிதாக்கி, கீறியது யாரென்று சொல்லாமல் தரம் 10 வகுப்பில் ஒட்டியிருக்கிறேன். உம்மாவுக்கும் காட்டினேன். ஒன்றும் விளங்காவிட்டாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று சுபஹுக்குப் பிறகு மெசேஜ் வந்தது. மூன்று எலி கண்டானாம். இரண்டு விழுந்த இடத்திலேயே, அசைவில்லை. மூன்றாவது கடைசிக் கோட்டுக்கு அப்பால் நின்றதாம், தூரம் தெரியாததால் சுடவில்லையாம்.