விளிம்பில் வாழும் பெயர்

மயிலை வடக்கு மாடவீதியிலும் தியாகராய நகர் உஸ்மான் சாலையிலும் நகைக் கடைகள் நிரம்பியிருப்பதை அறியாதார் இலர். பழைய வெள்ளியை எடைபோடும் தராசுகளில் கொலுசும் குங்குமச் சிமிழும் ஏறுவது வழக்கம். சில வேளைகளில் பாட்டனாரின் போர்ப் பதக்கமும் ஏறிவிடக்கூடும். அவர் எந்தப் போருக்குச் சென்றார் என்பதைப் பேரப்பிள்ளைகள் மறந்துவிட்ட இல்லத்தில், பதக்கத்துக்கு எடையைத் தவிர வேறென்ன மதிப்பு?

முதல் உலகப் போர் முடிந்தபின் பிரித்தானிய அரசு வழங்கிய பதக்கம் 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளி வட்டமாகும். ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபுறம் குதிரைமீது அமர்ந்த ஒரு வீரன். தொழிலாளர் படைகளில் மண் வெட்டியும் சுமை தூக்கியும் உழைத்தவர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில் கிடைத்தது. பதக்கம் சேகரிப்போர் இவற்றையெல்லாம் பிறகுதான் பார்ப்பர். முதலில் திருப்பிப் பார்ப்பது விளிம்பையே. படைவீரரின் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை அங்கேதான் பொறிக்கப்பட்டுள்ளன.

அந்தப் பெயரின் அருமையை உணர விரும்புவோர், அடையாற்றை எதிர்த்து மேற்கே சைதாப்பேட்டையும் கிண்டியும் கடந்து நந்தம்பாக்கம் சென்று வரவேண்டும். அங்கே பசும்புல் தரையில், 1952-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட சென்னைப் போர்க் கல்லறைத் தோட்டம் அமைதியுடன் விளங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்த 850-க்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். முதற்போரில் மாண்டு இந்தியாவின் பல ஊர்களில் அடக்கமான ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் நினைவுச் சின்னமும் அங்குண்டு. எங்கு நோக்கினும் பெயர்கள்!

ஆனால் கடல் கடந்து சென்று மடிந்த நம்மவர் எல்லாருக்கும் இந்தப் பேறு கிட்டவில்லை. இன்றைய ஈராக்கிலுள்ள பாஸ்ரா நினைவகம் 40,000-க்கும் மேற்பட்டோரை நினைவுகூருவது. அதன் சுவர்களில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் இடம்பெற்றன. சாதாரண இந்தியச் சிப்பாய்களோ எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். இந்த ஏற்றத்தாழ்வைப் போர்க் கல்லறை ஆணையமே 2021-ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டு வருந்தியது. தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் காணும் நினைவுக் கற்களும் இத்தகையனவே. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர்துறந்தனர் என்று அவை கணக்குச் சொல்லும், பெயர் சொல்லமாட்டா.

சிலருடைய புகழ் நிலைத்துவிட்டது. காஞ்சிபுரம் வட்டாரத்துக் கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மீது தாமே விழுந்து தோழர்களைக் காத்தார். மதராஸ் சாப்பர்ஸ் படையினரான அவருக்கு ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் வழங்கப்பட்டது. அவரோடு பாலம் கட்டியும் பாதை சமைத்தும் உழைத்த எத்தனையோ எளியவர்களை யார் அறிவார்? கல்லில் இடம்பெறாத சிப்பாயின் பெயர், அவர் வீட்டுப் பதக்கத்தின் விளிம்பில் அன்றோ உயிர் வாழ்கிறது!

இந்நிலையில் பதக்கத்தை உருக்குவது எத்தகைய இழப்பு! 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி விலை அவுன்சுக்கு 50 டாலரை நெருங்கியபோது, பல நாடுகளில் இப்பதக்கங்கள் திரளாக உலைக்குள் சென்றன. வெள்ளி வேறு உருவில் மீண்டது, பெயர்கள் மீளவில்லை.

ஆகவே, அன்புக் குடும்பத்தாரே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பதக்கம் இருப்பின், முதலில் அதன் விளிம்பைப் படியுங்கள். மெருகேற்றித் தேய்க்காதீர்கள், எழுத்து மங்கிவிடும். படித்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர் போரில் மாண்டவராயின், ஆணையத்தின் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். தந்தையின் பெயரும் சொந்த ஊரும் கூட அதில் பலருக்குக் கிடைக்கின்றன. ஊர் தெரிந்தால் உறவினரை விசாரிக்கலாம். கிறிஸ்தவராயின் பங்குக் கோவிலின் ஞானஸ்நான ஏடும் துணை செய்யும்.

இது போரைப் போற்றுவதன்று. போருக்கு அனுப்பப்பட்ட மனிதரைப் போற்றுவது. பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அந்தப் பெயரை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.