ஏழு ஸ்டாப் வித்தியாசம்

ஹெச்.டி.ஆர்-னு சொன்னா நம்ம பசங்களுக்கு ஒரே மாதிரி போட்டோதான் ஞாபகம் வரும். மேகமெல்லாம் கரி பூசின மாதிரி இருக்கும். மரத்தைச் சுத்தி வெள்ளையா ஒரு ஒளிவட்டம். இல்லன்னா ஒரு தாத்தா முகம், ஒவ்வொரு சுருக்கமும் வாய்க்கால் வெட்டின மாதிரி. கீழே 500 லைக். எனக்கும் இந்த ஸ்டைல் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்தத் தாத்தாகிட்ட யாராவது போட்டோவைக் காட்டினாங்களா?

விஷயம் சிம்பிள்தான். ஜன்னல் பக்கத்துல நிக்கிற ஃப்ரெண்டைப் பார்க்கும்போது நமக்கு வெளியில இருக்கிற வானமும் தெரியும், அவன் முகமும் தெரியும். கேமராவுக்கு ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது கஷ்டம். அதனால ஒரே காட்சியை இருட்டா ஒண்ணு, நார்மலா ஒண்ணு, வெளிச்சமா ஒண்ணுன்னு எடுத்துச் சேர்ப்பாங்க. கம்ப்யூட்டர் வந்தப்புறம் பிறந்த ஐடியான்னு நினைச்சிருந்தேன், இல்லையாம். 1850-கள்லயே குஸ்தாவ் லெ க்ரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ்னு எடுத்து, அடிவானத்துல ஒட்டவைச்சு பிரின்ட் போட்டிருக்கார். நாம இன்னைக்குப் பண்றதோட கணக்கு டெபவெக், மாலிக் ரெண்டு பேரும் 1997-ல எழுதின பேப்பர்ல இருக்கு. இமேஜ் ப்ராசஸிங் எலெக்டிவ் எடுத்தவங்க படிச்சுப் பாருங்க, பரீட்சைக்குப் படிக்கிறதைவிட சுவாரஸ்யமா இருக்கும்.

சேர்த்த ஃபைலை அப்படியே ஸ்க்ரீன்ல காட்ட முடியாது. அவ்வளவு வெளிச்ச வித்தியாசத்தைச் சுருக்கணும், அதுக்குப் பேர் டோன் மேப்பிங். ஒவ்வொரு புள்ளியையும் அதோட அக்கம்பக்கத்தோட ஒப்பிட்டுச் சுருக்கும்போது சின்னச் சின்ன விவரமெல்லாம் எடுப்பா வரும். அதே கணக்கு மரமும் வானமும் சேர்ற இடத்துல குழம்பிப்போகும், அதான் அந்த ஒளிவட்டம். அது ஸ்டைல் இல்ல மக்களே, ஸ்லைடரை ஓவரா இழுத்ததுக்கு அடையாளம்.

நான் எடுக்க வேண்டியிருந்தது எங்க ஹாஸ்டல் மெஸ் தோசை மாஸ்டரை. இந்த செமஸ்டரோட வேலையை விட்டுட்டு ஊருக்குப் போறார். பொண்ணு வீட்டுல மாட்ட நல்லதா ஒரு போட்டோ வேணும்னு அவரே கேட்டார். ஒரே ஒரு கண்டிஷன்.

"தம்பி, ஏழை மாதிரி எடுத்துடாத."

எனக்கு முதல்ல புரியல. முன்னாடி யாரோ ஒருத்தர் அவரை எடுத்து ஏதோ போட்டிக்கு அனுப்பினாங்களாம். பிரைஸும் வந்துச்சாம். "அதுல நான் பத்து நாள் சோறு திங்காதவன் மாதிரி இருந்தேன். நான் சோறு போடுறவன்யா" என்றார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்.

காலை ஆறரை மணிக்கு மெஸ் கிச்சன் எப்படி இருக்கும்னு பார்த்திருக்கீங்களா? ஒரு பக்கம் பெரிய ஜன்னல். இன்னொரு பக்கம் அடுப்பு மூலை, புகை படிஞ்ச சுவர், ஒரு ட்யூப் லைட். எஃப் 4, ஐ.எஸ்.ஓ 800 வச்சு மீட்டர் பார்த்தேன். ஜன்னலுக்கு 1/1000 செகண்ட் போதும், அடுப்புக்கு 1/8 வேணும். ஏழு ஸ்டாப், அதாவது 128 மடங்கு வித்தியாசம். மூணு ஷாட் எடுத்துச் சேர்க்கலாம்னா மாஸ்டர் கை நிக்காது, ஆவி நிக்காது. சேர்த்தா மூணு கரண்டியோட பேய் மாதிரி இருப்பார். ஒரே ரா ஃபைல்ல நிழலை இழுக்கலாம்னா எங்க கிளப்போட பழைய கேமராவுல மணல் தூவின மாதிரி நாய்ஸ் வரும்.

அதனால வழியை மாத்தினேன். ஐ.எஸ்.ஓ-வை 100-க்கு இறக்கி, 1/125 வச்சேன். ஜன்னல் சரியா விழுந்துச்சு, அடுப்பு மூலை மொத்தமா கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ள வெளிச்சத்தை நாமே வைக்கலாம். கிளப்ல இருந்த ரெண்டு ஃப்ளாஷையும் அவருக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் வச்சேன். படப் போஸ்டர்ல ஹீரோ தோள்பட்டை ஓரம் கோடு மாதிரி மின்னும்ல, அது வர்றது இப்படித்தான். இன்னொரு லாபம், ஆவி பின்னாடியிருந்து வெளிச்சம் பட்டாதான் நல்லாத் தெரியும். ஒரு ஃப்ளாஷுக்கு ஆரஞ்சு கண்ணாடித்தாள் ஒட்டினேன், அடுப்புத் தீ மாதிரி இருக்கட்டும்னு. முகத்துக்கு முன்னாடி தெர்மாகோல் அட்டை, அதைப் பிடிச்சது என் ரூம்மேட். பாவம், அவனுக்குக் கூலி ரெண்டு பொடி தோசை.

எடிட்டிங்லதான் நிஜமான முடிவெல்லாம் இருந்துச்சு. க்ளாரிட்டி ஸ்லைடரை முகத்துல 40-க்கு ஏத்தினா மாஸ்டருக்கு அஞ்சு வயசு கூடிடும். 'வாழ்ந்த முகம்'னு நாலு பேர் கமென்ட் போடுவாங்க, அவர் சொன்ன 'ஏழை மாதிரி' வந்துடும். அதனால மாஸ்க் போட்டு முகத்தைத் தொடாம விட்டுட்டு, தோசைக்கல், பித்தளைச் சொம்பு, சுவர், ஆவி இதுக்கெல்லாம் மட்டும் ஏத்தினேன். கல்லோட தேய்மானம் ஒவ்வொரு கோடா எழுந்து வந்துச்சு. நிழல்ல கொஞ்சம் நீலம், வெளிச்சத்துல கொஞ்சம் மஞ்சள். சத்தியமா நிஜத்துல எங்க மெஸ் இவ்வளவு அழகு கிடையாது. இது ஏமாத்து இல்லையான்னு ரூம்மேட் கேட்டான். முகத்துல சுருக்கத்தை ஆழமாக்கினா மட்டும் அது நிஜமாடான்னு கேட்டேன். பதில் இல்ல.

ஒரு இடத்துலதான் கை நின்னுச்சு. முழங்கைக்குக் கீழ எண்ணெய் தெறிச்ச பழைய தழும்புகள். எடுத்துடலாமா, விடலாமா? நான் முடிவு பண்ற விஷயமாத் தெரியல. லேப்டாப்பைக் கிச்சனுக்கே தூக்கிட்டுப் போனேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். முதல்ல கல்லைத்தான் பார்த்தார். "கல்லு நல்லா வந்திருக்கு." அப்புறம்தான் முகம். தழும்பைக் காட்டிக் கேட்டேன்.

"அது இருக்கட்டும். பொண்ணுக்குத் தெரியும் அது. மூக்குக்கிட்ட வேர்வை வழியுது பாரு, அதை மட்டும் துடைச்சு விட்டுடு."

துடைச்சேன். 12-க்கு 18 சைஸ், மேட் பேப்பர்ல போடலாம்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பளபளன்னுதான் வேணும்னார். பளபளன்னே போட்டுக் குடுத்தேன்.