பாவு ஏற்றும் நாளுக்குக் கூலி இல்லை

நீளவாட்டில் ஓடும் பழைய பாவு நூல் நெய்து முடிந்ததும் தறி நின்றுவிடும். அன்றைக்குப் புதுப் பாவு ஏற்ற வேண்டும். அச்சிலும் விழுதிலும் மிச்சமாகத் தொங்கும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒன்றை முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஒரு சாரனின் அகலத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள். ஏறாவூரில் நான் போன வீட்டில் அந்த வேலைதான் நடந்துகொண்டிருந்தது. விறாந்தையில் பாதியைத் தறியே பிடித்திருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ராத்தா ஒருவர் தாழ்ந்த பலகையில் குந்தியிருந்து, சிரட்டையில் இருந்த சாம்பலை விரலில் தொட்டுத் தொட்டு இழைகளை முறுக்கினார். கண் பார்ப்பதற்குள் விரல் அடுத்த இழைக்குப் போய்விடுகிறது. எங்காவது இழை மாறிப் பிணைந்தால் துணி நெடுகக் கோடாகத் தெரியும். அந்தச் சாரனை முதலாளி எடுக்கமாட்டார்.

“தறி சும்மா நிக்கிதெண்டு நினைக்காதீங்க தங்கச்சி. இண்டைக்குத்தான் எனக்கி மெத்த வேலை” என்றார்.

அந்த வேலைக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டேன்.

“இதுக்கென்ன கூலி? சாரனுக்குத்தானே காசி.”

வீட்டுத் தறியின் கணக்கு முழுவதும் இந்தப் பதிலில் அடங்கிவிடுகிறது. நூலை முதலாளி கொடுக்கிறார். நெய்த சாரனை எண்ணி எடுத்துக்கொண்டு கூலி தருகிறார். பாவு ஓட்டுவது, பிணைப்பது, குறுக்கு நூலுக்குத் தார் சுற்றுவது, அறுந்த இழையைத் தேடி முடிவது எதுவும் அந்த எண்ணிக்கையில் வராது. ராத்தாவின் உம்மா காலையில் தார் சுற்றுகிறார். இளைய மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து மிச்சத்தைச் சுற்றுகிறாள். மூன்று தலைமுறைப் பெண்கள் உழைக்கிறார்கள். கூலி ஒருவருடைய பெயரில், அதுவும் நெய்த நாளுக்கு மட்டும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே போகும் பெருவீதியில், ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் புன்னைக்குடாக் கடலுமாக இருக்கிற ஊர் ஏறாவூர். காத்தான்குடி, மருதமுனை போல இங்கும் தறிச் சத்தம் கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1970களின் முற்பகுதியில் வெளிநாட்டுத் துணி இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. உள்ளூரில் நெய்தது உள்ளூரில் விலைப்பட்டது. ராத்தாவின் வாப்பா அப்போது நெய்தவர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மலிவுத் துணி வந்து குவிந்தது. வாப்பா தறியை விட்டு வியாபாரத்துக்குப் போனார். தறி வீட்டுக்குள்ளேயே நின்றது; அதில் உம்மா ஏறினார். வருமானம் குறைந்த தொழிலை ஆண்கள் விட்டுப் போக, பெண்கள் எடுத்துக்கொள்வது உலகம் எங்கும் நடப்பதுதான். ஆனால் அப்படிக் கைமாறியதும் அது தொழில் என்ற பெயரையே இழந்துவிடுகிறது. வாப்பா நெய்தபோது அவர் நெசவாளி. உம்மா நெய்தபோது “வீட்டில சும்மா இருக்காம ஏதோ செய்யிறா” என்றுதான் ஊர் சொன்னது.

பிறகு 1990 வந்தது. ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்றார்கள். அடுத்த மாதம், சற்றுத் தள்ளி இருக்கும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 தமிழர்கள் திரும்பி வரவே இல்லை. நடுவில் இருக்கும் செங்கலடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஆண்டில் பெண்கள் குடும்பத்தின் ஒற்றை உழைப்பாளிகளானார்கள். பாய் இழைத்தார்கள், தைத்தார்கள், இடியப்பம் அவித்து விற்றார்கள், நெய்தார்கள். சம்பளத்துக்கு உழைக்கலாமா என்று யோசிக்க அவர்களுக்கு நேரமே கிடைக்கவில்லை.

வெளியூர்க்காரர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மட்டக்களப்புக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணத்தின்போது மகளுக்கு வீடு எழுதிக் கொடுப்பார்கள்; மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். இந்தத் தறி நிற்கும் விறாந்தையும் ராத்தாவின் சீதனம். தெற்காசியாவில் பெரும்பாலான பெண்களுக்குக் கிடைக்காத பலம் இது. ஆனால் அதற்குள்ளேயே ஒரு சுமையும் இருக்கிறது. இரண்டு மகள் இருந்தால் இரண்டு வீடு கட்ட வேண்டும். தறியிலும் வெளிநாட்டிலும் இந்தப் பெண்கள் உழைக்கிற காசு பெரும்பாலும் மகளின் வீட்டுச் சுவருக்குக் கல்லாகவும் சீமெந்தாகவும் போய்விடுகிறது.

ராத்தாவின் தங்கச்சி அதற்காகவே சவூதிக்குப் போனவர். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போவது அப்போது இந்தக் கரையில் சாதாரணம். மூதூரிலிருந்து வயதைக் கூட்டிக் காட்டிப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்ட றிசானா நபீக்குக்கு 2013 ஜனவரியில் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது கிழக்கில் அழாத உம்மா இல்லை. அதே ஆண்டு, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாகப் போக முடியாதபடி குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. பிள்ளையின் நன்மை என்று சொன்னார்கள். தகப்பனுக்கு அப்படி ஒரு தடை இருக்கவில்லை. போகாமல் நிற்கும் தாய்க்கு ஊரிலேயே என்ன வேலை என்ற கேள்விக்கும் பதில் வைக்கப்படவில்லை.

அடுத்த தலைமுறையின் பதில் ஆடைத் தொழிற்சாலை. ராத்தாவின் மூத்த மகள் விடிவதற்கு முன்னமே கொம்பனி பஸ்ஸில் ஏறுகிறாள். “உம்மா நெய்யிறத விட இது மேல். மாசம் முடிஞ்சா சம்பளம் வரும்” என்றாள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, கொம்பனி 12 வீதம் போட வேண்டும். பிள்ளை பிறந்தால் 84 நாள் சம்பளத்தோடு லீவு. உம்மாவுக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஆனால் மகளும் களைத்துத்தான் இருந்தாள். லைனில் மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்று கணக்கு. தண்ணி குடிக்க எழும்புவதற்கும் யோசிக்க வேண்டும். ராவில் பிந்தி வந்தால் ஊர் வாய். கலியாணம் பேசும்போது “கார்மண்ட்ஸில் வேலையா” என்ற கேள்வி. வேலைக்குப் போகும் பெண் வீட்டு வேலையிலிருந்து விடுதலையாவதுமில்லை. நான் பார்க்கப் பார்க்க, பஸ்ஸால் இறங்கி வந்தவள் அபாயாவைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குள் போனாள்.

இதற்கிடையில் கடன். தறியைத் திருத்த, கூரை மாற்ற என்று எடுத்த நுண்கடனுக்குக் கிழமைக்குக் கிழமை ஆள் வரும். குழுக்கடன் என்பதால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் நிற்பார்கள். வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடனை 2018இல் அரசாங்கம் தள்ளுபடி செய்தது. வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் வைத்தது. 35 வீதமே உச்சவரம்பு என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கலாம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில கிழமைகளில் 360 வரை ஏறியபோது, இறக்குமதி நூலின் விலையும் சாயத்தின் விலையும் கூடவே ஏறின. சாரனின் விலை கூடியது. நெய்கிற கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை.

இலங்கையில் பெண்களில் மூன்றில் ஒருவர் அளவிலேயே தொழிற்படையில் இருப்பதாகத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் ஆண்டுதோறும் சொல்கிறது. ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். பெண்களை வேலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கொழும்பில் கருத்தரங்கு வைக்கிறார்கள். ராத்தாவிடம் கேட்டேன், கணக்கெடுக்க வந்தால் என்ன சொல்வீர்கள் என்று. “அவருதான் சொல்லுவாரு. எனக்கி வேலை இல்லையெண்டு.” கிழமையில் ஒரு மணித்தியாலம் வருமானத்துக்கு உழைத்தாலே அந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம். ராத்தா விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை உழைக்கிறார். வாசலில் கேட்கிற கேள்விக்கு வீட்டுக்காரர் சொல்கிற பதிலோடு அவர் உழைப்பு காணாமல் போய்விடுகிறது.

நான் போன தெருவிலேயே சில பெண்கள் சீட்டுப் பிடித்து, சேர்ந்து நூல் எடுக்கிறார்கள். முதலாளியின் நூலை நெய்தபோது தாங்கள் கூலிக்காரர், சொந்த நூலில் நெய்யும்போது விற்பனையாளர் என்று அவர்களில் ஒருவர் விளக்கினார். சாரனுக்கு விலை வைக்க உட்கார்ந்தபோதுதான் பிணைப்பு நாளையும் தார் சுற்றிய நேரத்தையும் முதன்முதலாகக் கொப்பியில் எழுதிக் கூட்டியிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்துத் திகைத்துப் போனோம் என்றார். அந்தக் கொப்பியை எனக்கும் விரித்துக் காட்டினார்.

அந்தக் கணக்கைத்தான் அரசாங்கமும் எழுத வேண்டும். வீட்டிலிருந்து உழைப்பவரையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொள்ளும் சர்வதேச உடன்படிக்கை 1996லேயே வந்துவிட்டது. இலங்கை இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. கிழக்கு மாகாணக் கிராமியக் கைத்தொழில் திணைக்களம் பெண்களுக்கு நெசவு பழக்குகிறது. பழக்குவதோடு நிற்காமல், நியாய விலையில் நூல் கிடைக்கவும், பாவு ஏற்றும் நாளும் சேர்ந்த கூலி நிர்ணயமாகவும், சேமலாப நிதியில் வீட்டு நெசவாளியின் பெயர் ஏறவும் வழி செய்ய வேண்டும். ஏறாவூர்ப் பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு முழுக்கூலி கொடுத்தால் போதும்.