கிளி ஓட்டுதல்

தமிழில் பறவை பார்த்த முதல் பெண் யாரென்று மாணவிகள் கேட்டால், தினைப்புனத்துத் தலைவி என்பேன். பரண்மேல் நின்று, குளிரும் தட்டையும் தழலும் கொண்டு கிளி ஓட்டியவள். அகப்பாடல்களில் பகல் முழுக்க வீட்டுக்கு வெளியே நிற்க அவளுக்கு அனுமதி கிடைத்த இடம் அது. தினை கொய்ததும் அனுமதி முடிந்துவிடும். பிறகு இற்செறிப்பு. அதைக் களவின் ஒரு கட்டமென்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். வீட்டுக்குள் போனபின் அவள் எந்தப் பறவையைப் பார்த்தாள் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.

கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிறு, காலை ஆறரை மணிக்கு ஒட்டன்சத்திரம் சடையன்குளத்துக் கரையில் நின்றிருந்தேன். மழை விட்டிருந்தது. தெற்கே மலை மேகத்துக்குள் கிடந்தது. தண்ணீரில் முக்குளிப்பான்கள், நாமக்கோழிகள். கரைச் சேற்றில், வடக்கே மலைநாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே இறங்கிவந்த வாலாட்டிகள். அவற்றின் வயிற்று மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பைக் ஒன்று வேகம் குறைந்தது.

“வண்டி ரிப்பேருங்களா?”

“இல்லைங்க.”

“ஆராச்சும் வர்றாங்களா?”

“இல்லைங்க. பறவை பாக்குறேன்.”

அவர் குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தார். ஒரு பெண் ரோட்டோரம் நிற்க வேண்டுமானால் வண்டி பழுதாக வேண்டும், இல்லையேல் ஓர் ஆண் வந்துகொண்டிருக்க வேண்டும். கழுத்தில் பைனாகுலர் தொங்கினால் கொஞ்சம் அரசாங்க ஆள் மாதிரி இருக்கும். அதற்காகவே துப்பட்டாவுக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

ஜமால் ஆராவிடம் என்ன கேட்டிருப்பார்களோ. 1923இல் பீகாரில் பிறந்தவர், பத்தாம் வகுப்புக்குமேல் படிக்காதவர், சோட்டா நாக்பூர் காடுகளில் நடந்து நடந்து பறவைகளைக் குறித்தவர். நேஷனல் புக் டிரஸ்ட் 1970இல் வெளியிட்ட ‘வாட்சிங் பேர்ட்ஸ்’ அவர் எழுதியது. சலீம் அலியைத் தெரிந்த என் மாணவிகளுக்கு இவர் பெயர் புதிது.

குளத்துக்குக் கீழே மக்காச்சோளக் காடு. உள்ளேயிருந்து தட்டுச் சத்தம் கேட்டு இறங்கிப் போனேன். அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா, நசுங்கிய எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தார். கதிர் பால் பிடித்திருக்கிறதாம். விடிந்ததிலிருந்து நிற்கிறாராம். அந்த வழியாகப் போன யாரும் அவரிடம் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

“மொதல்ல ஒண்ணுதான் கண்ணு வரும். கரண்டுக் கம்பில உக்காந்து நாம என்ன பண்றோம்னு பாக்கும். பொறவுதான் கூட்டத்தக் கூப்புடும்.”

நான் எந்தப் புத்தகத்திலும் படிக்காதது. கம்பியில் அப்போது ஒரு கிளி இருந்தது. பைனாகுலரை நீட்டினேன். தட்டையும் கரண்டியையும் என் கையில் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார். திருகிக் காட்டினேன்.

“அடியாத்தி, கழுத்துல செவப்புக் கயிறு கட்டுனாப்புல இருக்குதே. இத்தன வருசமா தொரத்துறேன்.”

கூட்டம் கத்திக்கொண்டே வந்து காட்டுக்குள் இறங்கியது. நான் கரண்டியை ஓங்கினேன்.

“சித்த இரு கண்ணு” என்றார், பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமல்.