கன்று வீச்சு

"மாட்டு வைத்தியமா படிக்கிறே?" என்று சிரிப்பவர்கள் நம் வளாகத்திலும் உண்டு. சிரிக்கட்டும். தோட்டத்துச் சம்பளம் போதாமல், லயத்துக்குப் பின்னால் மாடு கட்டிப் பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! பால் வேண்டுமானால் மாடு ஈன வேண்டும். ஏறத்தாழ 280 நாள் சுமக்க வேண்டிய கன்று ஆறாம் மாதத்திலேயே விழுந்துவிட்டால், அந்த ஈற்றின் பால் வருமானம் போயிற்று.

இதற்குக் 'கன்று வீச்சு' என்று தமிழில் பெயர் இருப்பதைப் பாட்டிதான் எனக்குச் சொன்னார். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகம். இந்த நோய்களை எல்லாம் நான் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் படித்தேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவருடைய பதினொரு மாடுகளில் ஒன்று ஆறாம் மாதத்தில் கன்றை வீசியது. பாட்டி கண்ணேறு என்றார். மாமா வெறுங்கையால் கன்றைத் தூக்கினார். இளங்கொடியை நாய் இழுத்துக்கொண்டு போனது. கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லலாம் என்றேன்.

"வேணாம் பாப்பா. வந்தா மாட்டை அறுக்கணும்னு சொல்லுவாங்க" என்றார்.

அவர் பயம் நியாயமானது. புரூசெல்லா என்று உறுதியானால் மாட்டை அறுத்துவிடுவதே நம் நாட்டு நடைமுறை. டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பேங் 1897இல் கண்டறிந்த கிருமி இது. விழுந்த கன்றிலும் இளங்கொடியிலும் நீரிலும் கோடிக்கணக்கில் இருக்கும். கைக்காயம் வழியாக மனிதருக்கும் வரும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி. மாட்டின் கிருமியும் மனிதரின் மால்டா காய்ச்சல் கிருமியும் நெருங்கிய உறவு என்று 1918இல் அமெரிக்காவின் அலிஸ் எவன்ஸ் சொன்னபோது, முனைவர் பட்டம் இல்லாத பெண் சொல்வதா என்று பலர் ஒதுக்கினார்கள். பின்னர் அவருக்கே அந்த நோய் வந்தது. பாலைப் பொங்கக் காய்ச்சும் நம் வழக்கம் ஒருவகையில் நம்மைக் காத்திருக்கிறது. ஆனால் தொழுவத்தில் கையுறை போடும் வழக்கம் நமக்கில்லையே!

மாமி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அதைச் சொன்ன பிறகுதான் மாமா இறங்கி வந்தார்.

இரத்தம் எடுத்தார்கள். பிரித்தெடுத்த ஊனீரில் ஒரு துளியோடு, இளஞ்சிவப்புச் சாயமேற்றிய கிருமிக் கரைசலில் ஒரு துளியைக் கலந்து ஆட்டுவார்கள். நான்கு நிமிடத்துக்குள் திரிந்தால் சந்தேகம்தான். திரியவில்லை. மாமா பெருமூச்சு விட்டார்.

அப்படியானால் கன்று ஏன் விழுந்தது? எலியின் சிறுநீர்வழி பரவும் லெப்டோஸ்பைராவும் காரணமாகலாம். அடுத்த பரிசோதனையில் தெரிந்தது நியோஸ்போரா. 1988இல்தான் பெயரிடப்பட்ட ஒட்டுண்ணி. இது நாயின் குடலில் முட்டையிட்டு, மலத்தோடு புல்லிலும் தீவனத்திலும் கலந்து மாட்டுக்குள் போகும். வீசிய கன்றையும் இளங்கொடியையும் தின்னும் நாய்க்கு அது திரும்பவும் வரலாம். மனிதருக்கு இதனால் நோய் வருவதாகத் தெரியவில்லை. மாட்டுக்கோ மருந்தில்லை.

பாட்டியின் தாயார், ஊரில் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரக் கிளையில் கட்டுவார்களாம், பால் பெருகும் என்று. பால் பெருகியதோ இல்லையோ, நாய்க்கு எட்டியிருக்காது! இருந்தாலும் புரூசெல்லாவை நினைத்தால் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைப்பதுதான் சரி.

மாமாவைப் பாதித்தது வேறொன்று. இந்த ஒட்டுண்ணி தாயிடமிருந்து வயிற்றிலிருக்கும் கன்றுக்கும் இறங்கும். கன்று பார்க்க நன்றாகவே பிறக்கும். வளர்ந்து அதுவும் ஒருநாள் வீசலாம். அந்த மாட்டின் முந்தைய ஈற்றுக் கிடாரியைத்தான் மாமா ஆசையாக வளர்த்து வந்தார். அதற்கும் இரத்தம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"எடுத்துத் தெரிஞ்சு என்ன பண்ணுறது?" என்றார். மறுநாள் காலை அவரே அலுவலகத்துக்குப் போன் செய்தார். தீவனத் தொட்டிக்கு மூடி வந்துவிட்டது, நாயும் இப்போது சங்கிலியில். கிடாரியின் முடிவு இன்னும் வரவில்லை.