விறகடுப்புச் சாம்பார்

போன மாதம் ஒரு காலை, அக்கா என்னைப் பார்த்து, "யாரைப் பாக்கணும் சார்?" என்று கேட்டாள். நான் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவள் மருமகள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வந்தவர்களிடமெல்லாம் நான் கேட்ட கேள்வி அது. "உன்னத்தான்க்கா பாக்க வந்தேன்" என்றேன். "அவங்க வேலையா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்காவுக்கு 81, எனக்கு 75. எனக்கு ஆறு வயதானபோது, புதுச்சேரியில் மில் வேலையில் இருந்த மாமா என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். அங்கே பாரிஸ் நகரத்து ஆற்றின் பெயரை மனப்பாடம் செய்தேன். எங்கள் ஊர் மலைக்கோட்டை 1761 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது என்பது மட்டும் எனக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். அதே வருடம், பன்னிரண்டு வயது அக்காவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அம்மா களையெடுக்கப் போனாள். அடுப்பு அக்கா கைக்கு வந்தது.

பிறகு உள்ளூரிலேயே கல்யாணம். புகுந்த வீட்டில் நெல் அவித்து அரிசி விற்கும் தொழில். வீட்டுச் சமையலுக்கு வேலிக்காத்தான் விறகு, துவரை மிளார், வறட்டி. நெல் அவிக்க உமி. அந்தச் சமையல்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. ஓட்டுச் சந்து வழியாகத்தான் புகை வெளியே போகும். மழைக்காலத்தில் ஈர விறகு. ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதுவாள். ஊதி முடித்ததும் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும் அல்லவா, அது முழுக்கப் புகைதான்.

1984-இல் விழுப்புரத்தில் குடித்தனம் நடத்தியபோது நான் காஸ் இணைப்பு வாங்கினேன். என் மனைவிக்குக் கண் எரிகிறது என்று வாங்கியது. அக்காவுக்கும் ஒன்று வாங்கித் தரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாதது மட்டுமல்ல, ஒவ்வொரு பொங்கலுக்கும் அங்கே போய் இலை முன் உட்கார்ந்து, "என்னதான் சொல்லு, விறகடுப்புச் சாம்பார் மாதிரி வராதுக்கா" என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும். இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

தி.மு.க. அரசு 2006-இல் வந்த பிறகு இலவச காஸ் அடுப்பு கொடுத்தார்கள். அக்காவுக்கும் கிடைத்தது. அட்டைப்பெட்டியோடு பரணில் ஏறியது. விருந்தாளி வந்தால் டீ போட மட்டும் இறங்கும். சிலிண்டர் தீர்ந்தால் யார் காசு கொடுப்பது என்பது அவள் கேள்வி. அதில் தப்பு இல்லை, விறகு காட்டில் சும்மா கிடைக்கிறதே.

ஐந்து வருடத்துக்கு முன்னால் முதலில் போனது வாசனை. பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருக்கும், பக்கத்திலேயே நிற்பாள், தெரியாது. வயசாகிவிட்டது என்று நினைத்தோம். வாசனை தெரியாமல் போவது மறதி நோய்க்கு முன்னறிவிப்பாக இருக்கலாம் என்பதைப் பின்னால்தான் படித்தேன். அடுத்து உப்பு இரண்டு தடவை விழுந்தது. அப்புறம் பேரன் பெயர் போனது. பிறகு சேலத்தில் ஒரு நரம்பு மருத்துவரிடம் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "என்ன படிச்சிருக்காங்க?" என் தமக்கை மகன் "அஞ்சாவதுங்க" என்றான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்பது எல்லாம் விசாரித்தார். அடுப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். உலக அளவில் மறதி நோய் பற்றி ஆராயும் 'லான்செட்' மருத்துவ இதழின் குழு ஒன்று, நம்மால் மாற்றக்கூடிய காரணங்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. 2020-இல் அந்தப் பட்டியலில் காற்று மாசைச் சேர்த்தார்கள். 2024-இல் மொத்தம் 14 காரணங்கள் ஆயின. இந்தப் பதினான்கையும் உலகம் சரிசெய்துவிட்டால் நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. சின்ன வயதில் படிப்பு இல்லாததும் பட்டியலில் இருக்கிறது, காற்று மாசும் இருக்கிறது. ஒரே ஆண்டில், ஒரே வீட்டில், ஒரே பெண்ணுக்கு இரண்டையும் கொடுத்திருக்கிறோம். படிப்பு என் பக்கம் வந்தது.

புகை எப்படி மூளைக்குப் போகிறது என்பது எனக்குப் புதிது. நுரையீரலோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத தூசியை பி.எம். 2.5 என்கிறார்கள். அதில் மிக நுண்ணியது நுரையீரலைத் தாண்டி இரத்தத்தில் கலக்கும். இரத்தக் குழாய்கள் கெடும், உடம்பில் ஓயாத அழற்சி உண்டாகும். மூக்கின் மேற்புறத்து நரம்பு வழியாக நேரே மூளைக்குள் போகும் குறுக்குவழியும் உண்டு. மெக்சிகோ நகரத்தில் லிலியான் கால்டெரோன் கார்சிடுவேன்யாஸ் என்ற அம்மையார் அந்நகரத்து நாய்களின் மூளையை ஆராய்ந்து, மனிதர்களின் அல்சைமர் நோயில் காணும் மாற்றங்களைப் போன்றவற்றைப் பார்த்தார். 2016-இல் இங்கிலாந்தின் பார்பரா மாஹர் குழுவினர், மெக்சிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைத் திசுவில், கடும் சூட்டில் உருவாகும் உருண்டை வடிவ இரும்புத் துகள்களைக் கண்டார்கள். அதுதான் நோயைக் கொண்டுவந்தது என்று நிரூபணமாகவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பக்கத்து மாநிலத்துச் செய்தி இன்னும் நெருக்கமானது. கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுராவில் 45 வயது தாண்டிய கிராமத்து மக்களைப் பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையத்தார் வருடக்கணக்காகத் தொடர்ந்து பரிசோதிக்கிறார்கள். புகையடுப்பில் சமைக்கிறவர்கள் நினைவுச் சோதனைகளில் பின்தங்கியிருப்பதாகவும், அப்படிச் சமைக்கும் பெண்களுக்கு மூளையில் நினைவுக்குரிய பகுதி சற்றுச் சிறுத்திருப்பதாகவும் 2025-இல் எழுதினார்கள். நெடுஞ்சாலை லாரிப் புகை, கரும்புச் சோகை கொளுத்துவது, தெருமுனையில் பிளாஸ்டிக் குப்பை எரிப்பது எல்லாம் எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் அக்கா ஊரைச் சுற்றியவள் அல்ல. அவள் பட்டதெல்லாம் சமையல்கட்டில்தான்.

குமாஸ்தா புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு வயதிலிருந்து எழுபது வரை 58 வருடம். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் என்று குறைத்தே வைத்தாலும் 84,680 மணி. இரவு பகல் எழுந்திருக்காமல் உட்கார்ந்தால் ஒன்பதரை வருடத்துக்கு மேல். நெல் அவித்த நேரத்தைச் சேர்க்கவில்லை.

அந்தப் புகையை அளந்து பார்க்க ஆட்கள் எங்கள் பகுதிக்கே வந்திருக்கிறார்கள் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 2018-இல் குவாதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என்று நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிப் பெண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. இந்தியாவில் எடுத்துக்கொண்டது நாகப்பட்டினமும், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சிப் பகுதியும். இங்கே பொறுப்பு, பல வருடங்களாகத் தமிழ்நாட்டுச் சமையல்கட்டுப் புகையை அளந்துவரும் போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினருக்கு. பாதிப் பேருக்கு காஸ் அடுப்பும் 18 மாதம் சிலிண்டரும் இலவசம். விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த தூசி ஒரு கன மீட்டருக்கு நடுவளவாக 70 மைக்ரோகிராம். காஸ் கிடைத்தவர்களுக்கு அது 24 ஆகக் குறைந்தது. நம் நாட்டு வரம்பு வருட சராசரியாக 40, உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5.

ஆனால் அவர்கள் எதிர்பார்த்ததுபோல் குழந்தைகளின் பிறப்பு எடை கூடவில்லை. 2022-இல் அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆகவே அக்காவின் மறதிக்குப் புகைதான் காரணம் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். 60 தாண்டிய இந்தியர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருக்கிறது. காஸிலேயே சமைத்தவர்களும் அதில் இருப்பார்கள். அக்காவுக்கு இரத்த அழுத்தமும் நெடுநாளாக இருக்கிறது. புகை தன் பங்குக்குக் கொஞ்சம் தின்றிருக்கும், அவ்வளவுதான் சொல்லலாம். எவ்வளவு என்று இனி யாரும் அளக்க முடியாது.

இப்போது வீட்டில் சமையல் முழுக்க காஸ்தான். மண்ணடுப்பு ஒன்று கொல்லையில் வெந்நீருக்காக மிச்சம் இருந்தது. விடியற்காலை நான்கரைக்கு அக்கா எழுந்து தானே பற்றவைத்துவிடுவாள். என் பெயர் மறந்த கைக்கு மிளாரை எப்படி அடுக்க வேண்டும், எங்கே ஊத வேண்டும் என்பது மறக்கவில்லை. அவள் நிம்மதியாக இருக்கும் ஒரே நேரம் அது என்பாள் மருமகள். பேரனின் மனைவி மாசமாக இருக்கிறாள், அவளும் துணைக்கு அந்தப் புகையில்தான் உட்காருவாள், கிழவி நெருப்பில் கையை விட்டுவிடக் கூடாதே என்று.

என் ஓய்வூதியத்திலிருந்து கரண்டு ஹீட்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். அடுப்பை இடிக்க வேண்டாம், நெருப்பு மட்டும் வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். தீப்பெட்டியை ஒளித்துவைத்தாயிற்று. அக்கா இப்போதும் நான்கரைக்கு எழுந்து கொல்லைக்குப் போகிறாள். மிளாரை அடுக்கிவிட்டு, குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். நேற்று அங்கேயே தங்கியிருந்த நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தீப்பெட்டி எங்கடா வெச்ச?" என்றாள்.

டா என்றாள். இரண்டு வருடம் ஆயிற்று அப்படிக் கூப்பிட்டு.

"தேடுறேன்க்கா" என்றேன்.