பச்சைக்குள் ஒரு நீலம்

பழந்தமிழில் பச்சைக்கும் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே வரப்பு கிடையாது. திருமாலின் மேனி ஓரிடத்தில் பச்சை, ஓரிடத்தில் நீலம், இன்னோரிடத்தில் கார்மேகம். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்த ஒருத்தி இப்போது சின்னமனூர்ப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டியில் சுருள்பாசி வளர்க்கிறாள். “பச்சைக்குள்ள நீலம் இருக்கு மேம், வந்து பாக்குறீகளா?” என்றாள். போனேன்.

சோடா உப்புப் போட்ட காரத் தண்ணீரில் வளரும் பாசி அது. நாளும் கலக்கிவிட வேண்டும். துணியில் வடித்து, முறுக்கு உரலில் பிழிந்து உலர்த்தினால் பச்சை நூலாக உதிரும். சென்னை முருகப்பா செட்டியார் ஆய்வு மையத்தில் சி.வி. சேஷாத்ரி இதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது ஊட்டச்சத்துக்காக. 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் சுருள்பாசிச் சாற்றை நிறமாக அனுமதித்தது. இன்று பொடியைவிட அதிலிருந்து எடுக்கும் நீலத்துக்கே விலை. குழந்தையின் சோற்றைவிட மிட்டாயின் நிறத்துக்குச் சந்தை பெரிது போலும்.

ஈரப் பாசியை ஃப்ரீசரில் உறையவைக்கிறாள், இளகவிடுகிறாள், மறுபடி உறையவைக்கிறாள். பனிக்கட்டி செல்லைக் கிழித்துவிடுகிறது. பிறகு தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் நீலம் இறங்குகிறது. பச்சையம் தண்ணீரில் கரையாததால் சக்கையோடு தங்கிவிடுகிறது. டம்ளரை வெயிலில் பிடித்துக் காட்டினாள். நேரே பார்த்தால் நீலம், பக்கவாட்டில் சிவப்பு மினுங்கியது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

ஃபைகோசயனின் ஒரு புரதம். சூட்டில் முட்டை வெள்ளைக்கரு குலைவதுபோல, 45 டிகிரியைத் தாண்டினால் இதுவும் குலைந்து வெளிறத் தொடங்கும். வெளிச்சம் ஆகாது, எலுமிச்சைப் புளிப்பும் ஆகாது. கெட்டியான சர்க்கரைப் பாகு ஓரளவு காக்கும். மற்றபடி குளிரும் இருட்டும்தான்.

அந்தக் குளிர்தான் பிரச்சினை. வீட்டு ஃப்ரிட்ஜில் மீனுக்கும் மாவுக்கும் மிஞ்சிய இடமே அவளுக்கு. பாசி வாடை வருகிறதென்று மாமியார் இரண்டு முறை எடுத்து வெளியே வைத்துவிட்டார். மே மாதம், மதியத்துக்குள் நீலம் சாம்பலாகிவிட்டது. தனி ஃப்ரீசருக்குக் கடன் கேட்டுப் போனால், தொட்டி நிற்கும் நிலம் மாமனார் பெயரில், அவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கலக்குவதும் வடிப்பதும் இவள் கை. கையெழுத்து மட்டும் வேறு கை.

மகளிர் குழுவில் வாங்கினாள். பழைய ஐஸ்கிரீம் பெட்டி, கதவில் பூட்டு. சாவி தாலிக்கொடியில் தொங்குகிறது. பாட்டிலில் ஒட்ட நல்ல தமிழ்ப் பெயர் கேட்டிருக்கிறாள். மூன்று எழுதி அனுப்பினேன், மூன்றும் நீளமாம்.